கம்ப்ரசர் என்றால் காற்று மட்டும்தானா? கிதார் பெடலுக்குப் பின்னால் இருக்கும் பில் புட்னமின் கதை

ஊத்துக்குளி, திருப்பூர் பக்கம் கம்ப்ரசர் என்று சொன்னால் யாருக்கும் சந்தேகமே வராது. பஞ்சர் கடையில் டயருக்குக் காற்று பிடிக்கும் மெஷின். மில்லிலும் பனியன் கம்பெனியிலும் ஓரமாக நின்று டபடபவென்று ஓடிக்கொண்டிருக்குமே, அந்தச் சாமான்.

ஆனா கோயில் நோம்பிக்கு வரும் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிதார் வாசிப்பவரிடம் கேட்டால் அவர் வேறொன்றைக் காட்டக்கூடும். கால் பக்கத்தில், சோப்பு டப்பா அளவில், இரண்டு மூன்று திருகு வைத்த சின்ன இரும்புப் பெட்டி. அதற்கும் பெயர் கம்ப்ரசர்தான். அது அமுக்குவது காற்றை அல்ல, சத்தத்தை.

இந்தப் பெட்டி எதற்கு? இதன் பின்னால் யார் இருக்கிறார்? அமெரிக்காவில் 1920ல் பிறந்து 1989ல் மறைந்த பில் புட்னம் என்ற ஒலிப்பதிவுக் கலைஞரின் வாழ்க்கையைப் பார்த்தால் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

பேஸ் கிதாருக்கு என்னதான் பிரச்சினை?

பேஸ் கிதாரில் பொதுவாக 4 கம்பிகள். தடிமனான கம்பியைத் தட்டினால் மேடையே அதிரும். மெல்லிய கம்பியைத் தட்டினால் அந்த அளவுக்கு வராது. விரலும் ஒரே மாதிரி விழாது. உற்சாகத்தில் ஒரு தட்டு பலமாக விழும், அடுத்தது லேசாக. வீட்டில் உட்கார்ந்து வாசிக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. மேடையில் டிரம்ஸ், கீபோர்டு, பாட்டுக் குரல் எல்லாம் சேரும்போதுதான் சிக்கல். பலமான தட்டு ஸ்பீக்கரைப் பிளக்கும், லேசான தட்டு காணாமலே போய்விடும்.

இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிதாரை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டு ரசிக்கும் ஒரு கூட்டமே தமிழ்நாட்டில் இருக்கு. அதே பாட்டை ஊர் மேடையில் கேட்கும்போது அந்த பேஸ் பாதி கேட்டு பாதி கேட்காமல் போவதற்கு வாசிப்பவர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

சவுண்ட் இன்ஜினியர் என்ன செய்வார்? வால்யூம் திருகில் கை வைத்துக்கொண்டே இருப்பார். சத்தம் ஏறினால் குறைப்பார், இறங்கினால் கூட்டுவார். ஆனா ஒரு தட்டு காதில் விழுந்து, மூளைக்குப் போய், கை நகர்வதற்குள் அந்தத் தட்டு முடிந்தே போயிருக்கும். மனிதக் கைக்கு அந்த வேகம் இல்லை. கம்ப்ரசர் என்பது அந்தக் கைக்குப் பதிலாக வைத்த மின்கை. அவ்வளவுதான் விஷயம்.

யார் இந்த பில் புட்னம்?

முழுப்பெயர் மில்டன் டாஸ்கர் புட்னம். பில் என்பது கூப்பிடும் பெயர். 1920 பிப்ரவரி 20ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டான்வில் என்ற ஊரில் பிறந்தார்.

சின்ன வயசிலேயே ரேடியோ பைத்தியம். பள்ளிக்கூட நாட்களில் ரேடியோ ரிப்பேர் பார்த்தார், மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விட்டார், நடனக் குழுக்களோடு சேர்ந்து பாடவும் செய்தார். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் ரேடியோ செட் போடும் பையன், கூடவே மேடையிலும் பாடுவான். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் காரணம். அவர் செய்த மெஷின்களில் ஒரு பாடகரின் காது தெரியும்.

அப்போதெல்லாம் பாட்டுப் பதிவு என்பது பெரிய கம்பெனிகளின் வேலை. அங்கே இன்ஜினியர் பாட்டைக் கெடுக்காமல் பதிவு செய்தால் போதும், அதற்கு மேல் எதுவும் செய்யக்கூடாது என்ற மனநிலைதான் அதிகம். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946ல், சிகாகோவை ஒட்டிய ஈவன்ஸ்டனில் யுனிவர்சல் ரெக்கார்டிங் என்ற சொந்த ஸ்டூடியோவைத் தொடங்கினார் புட்னம். சீக்கிரமே அது சிகாகோ நகருக்குள் சிவிக் ஓபெரா கட்டடத்துக்கு மாறியது.

பாத்ரூமில் பிறந்த ஹிட்

1947ல் ஹார்மோனிகேட்ஸ் என்ற குழு அவரிடம் பதிவுக்கு வந்தது. 3 பேர், மூவருமே மவுத் ஆர்கன் வாசிப்பவர்கள். வாசித்த பாட்டு 'பெக் ஓ மை ஹார்ட்'. வெறும் மவுத் ஆர்கன் சத்தம் வறட்சியாக இருக்கும் என்று நினைத்த புட்னம், அந்தக் கட்டடத்தின் கழிவறையைப் பயன்படுத்திக்கொண்டார். பதிவாகும் சத்தத்தை அங்கே வைத்த ஸ்பீக்கருக்கு அனுப்பி, வழவழப்பான சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலியை மைக் வைத்துப் பிடித்து, மூலச் சத்தத்தோடு கலந்தார்.

அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதல் இடம் பிடித்தது. செயற்கை எதிரொலியை அழகுக்காகவே பாப் இசையில் சேர்த்த முதல் பதிவு என்று ஒலிப்பதிவு வரலாற்றில் இதைத்தான் சொல்கிறார்கள். இன்றைக்கு மொபைலில் பாடிப் பதிவு செய்யும் ஆப்பில் 'எக்கோ' பட்டனைத் தொட்டால் வருவதற்கெல்லாம் இந்தக் கழிவறை ஒரு தாத்தா முறை.

அடுத்து பாட்டி பேஜ். கூடப் பாட ஆள் வைக்காமல், அவர் குரலின் மேலேயே அவர் குரலை இன்னொரு முறை ஏற்றிப் பதிவு செய்தார்கள். 'கன்ஃபெஸ்' என்ற அந்தப் பாட்டு, ஒரே பாடகி இரண்டு குரலில் ஒலித்த ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்று. இன்ஜினியர் புட்னம்தான்.

சிகாகோ ப்ளூஸ் இசைக்காரர்களும் இந்த ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். மடி வாட்டர்ஸ், போ டிட்லி பெயரெல்லாம் கிதார் வாசிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். டியூக் எலிங்டனும் புட்னத்தைத் தேடி வந்து பதிவு செய்தவர்களில் ஒருவர்.

சொந்தக் காசில் ஒரு சூதாட்டம்

1957ல் புட்னம் ஹாலிவுட்டுக்குக் குடிபெயர்ந்தார். ஃப்ராங்க் சினாட்ரா, பிங் கிராஸ்பி போன்ற பெரும் பாடகர்களின் ஆதரவு பின்னால் இருந்தது. சன்செட் பொலிவார்டு சாலையில் யுனைட்டட் ரெக்கார்டிங் உருவானது. பக்கத்திலேயே இருந்த வெஸ்டர்ன் ரெக்கார்டர்ஸ் ஸ்டூடியோவும் பின்னர் அவர் கைக்கு வந்தது. பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தின் பெரும்பகுதி 1966ல் பதிவானது இந்த வெஸ்டர்ன் ஸ்டூடியோவில்தான்.

இங்கே ஒரு சம்பவம் சொல்லியாக வேண்டும். 1950களின் கடைசியில் ஸ்டீரியோ என்பது புதுசு. வீட்டில் ஒரே ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு எதற்கு இரண்டு ஸ்பீக்கர் பாட்டு என்று பல இசைக் கம்பெனிகள் கண்டுகொள்ளவில்லை. புட்னம் அவர்கள் கேட்டபடி ஒற்றை ஒலியில் பதிவு செய்துகொடுத்துவிட்டு, அதே நேரத்தில் தன் செலவிலேயே ஸ்டீரியோவிலும் இன்னொரு பதிவு எடுத்து வைத்தார். டேப் விலை, கருவி, ஆள் சம்பளம் எல்லாம் அவர் தலையில். சில வருஷத்தில் ஸ்டீரியோவுக்கு மவுசு வந்தது. அந்த டேப்புகளுக்கும் தேவை வந்தது. வராமல் போயிருந்தால் அத்தனையும் நஷ்டம்தான்.

கருவி செய்யும் கம்பெனியும் கூடவே வளர்ந்தது. அங்கே உருவான 610 என்ற மிக்சிங் கன்சோல், ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டும்படி இருந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பவர் டேபிள் வரிசையில் ஒரு மெஷின் மக்கர் செய்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு மெஷின் வைத்து வேலையை ஓட்டுவார்கள் இல்லையா, அதே யோசனை. வாத்தியக்காரர்கள் ஒரு ஹால் நிறைய உட்கார்ந்திருக்கும்போது ஒரு சேனல் கெட்டுப்போனதற்காக மொத்தப் பதிவையும் நிறுத்தினால் யார் சம்பளம் கொடுப்பது?

1176 என்ற பெட்டி

கம்ப்ரசரைக் கண்டுபிடித்தவர் பில் புட்னம் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏன்னா இணையத்தில் பலர் அப்படி எழுதிவிடுகிறார்கள். 1930களிலேயே ரேடியோ நிலையங்களில் இந்த வகைக் கருவிகள் இருந்தன. திடீரென்று யாராவது சத்தமாகப் பேசினால் ஒலிபரப்பு கெட்டுப்போகாமல் தடுக்கும் காவல்காரன் வேலை அவற்றுக்கு. உள்ளே வால்வுகள் இருக்கும், சூடாகும், வேகமும் குறைவு.

புட்னமும் முதலில் வால்வு வைத்துத்தான் செய்தார். 1960களில் டிரான்சிஸ்டர் வந்ததும் யோசனை மாறியது. எஃப்இடி என்று ஒரு வகை டிரான்சிஸ்டர். அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால், அதன் வழியாகப் போகும் மின்சாரத்துக்கான தடையும் மாறும். குழாயைத் திருகினால் தண்ணீர் கூடுவது குறைவது போல. அப்படியானால் சத்தமே அந்தத் திருகைத் திருப்பட்டும் என்பதுதான் யோசனை. வெளியே வரும் ஒலியில் கொஞ்சத்தை எடுத்து அளந்து பார்ப்பது, அளவு மீறினால் உடனே குழாயைச் சுருக்குவது.

1967ல் வெளிவந்த அந்தப் பெட்டியின் பெயர் 1176. வெறும் மாடல் நம்பர்தான். அதன் வேகம்தான் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சத்தம் எல்லை தாண்டினால் அதிவேக நிலையில் 20 மைக்ரோ செகண்டில் பிடித்துவிடும். ஒரு செகண்டை 50 ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. பிடித்ததை விடுவதற்கு 50 மில்லி செகண்டிலிருந்து சுமார் 1 செகண்டு வரை நேரம் வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு அமுக்குவது என்பதற்கு 4 பட்டன்கள் உண்டு: 4, 8, 12, 20. உதாரணத்துக்கு 4 என்ற பட்டனை அழுத்தினால், எல்லையைத் தாண்டி 8 டெசிபல் ஏறும் சத்தம் 2 டெசிபல்தான் ஏறியதாக வெளியே வரும். 20 என்றால் கிட்டத்தட்ட சுவர் மாதிரி, அதற்கு மேல் விடாது. யாரோ ஒரு குறும்புக்கார இன்ஜினியர் 4 பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்திருக்கிறார். வடிவமைத்தவர்கள் நினைத்தே பார்க்காத முரட்டுச் சத்தம் வந்தது. டிரம்ஸுக்கு அதை இன்றும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்.

இதே 1967ல் இன்னொரு பெட்டியும் புட்னம் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. எல்ஏ-2ஏ. இதைச் செய்தவர் ஜிம் லாரன்ஸ், கலிபோர்னியாவின் பசடேனாவில் டெலிட்ரானிக்ஸ் என்ற சின்னக் கம்பெனி நடத்தியவர். ராக்கெட் திட்டத்துக்காக ஒளி உணர் கருவிகளோடு வேலை பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. அதை இசைக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஒளிரும் ஒரு சின்னத் தகடு, அதைப் பார்த்தபடி வெளிச்சம் பட்டால் தடை மாறும் ஒரு பொருள். சத்தம் கூடினால் தகடு பிரகாசமாகும், பிரகாசமானால் சத்தம் குறையும். 1176 அளவுக்கு வேகம் கிடையாது. ஆனா அந்த நிதானம்தான் அதன் அழகு. குரலுக்கும் பேஸ் கிதாருக்கும் அமுக்குவதே தெரியாமல் அமுக்கும். டெலிட்ரானிக்ஸ் கைமாறிப் போயிருந்த நிலையில் புட்னத்தின் நிறுவனம் அந்தப் பிரிவை வாங்கிக்கொண்டது.

ஸ்டூடியோவிலிருந்து காலடிக்கு

இத்தனையும் ஸ்டூடியோ அலமாரியில் திருகு போட்டு மாட்டும் கனமான பெட்டிகள். கிதார்காரர் காலடிக்கு இது எப்படி வந்தது?

முதல் தொடர்பே சுவாரசியமானது. 1176ன் ஆரம்ப மாடல்களில் இரைச்சல் கொஞ்சம் அதிகம். அதைக் குறைத்து மறுவடிவம் கொடுத்தவர் பிராட் பிளங்கெட் என்ற இன்ஜினியர். இவர் புட்னத்திடம் வருவதற்கு முன்பு, கிதார் உலகத்தின் மிகப் பிரபலமான பெடல்களில் ஒன்றான வா-வா பெடலை உருவாக்கியதில் பங்கு வகித்தவர். காலால் மிதித்தால் கிதார் 'வா வா' என்று அழுவது போல வருமே, அதுதான். ஆக, பெடல் உலகமும் ஸ்டூடியோ உலகமும் அப்போதே ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தன.

இரண்டாவது, கிதார்காரர்களே 1176ஐத் தேடி வந்தார்கள். லெட் செப்பெலின் குழுவின் 'பிளாக் டாக்' பாட்டில் வரும் அந்தக் கரகரப்பான கிதாருக்கு ஆம்ப் கிடையாது. கிதாரை நேரடியாக மிக்சிங் கன்சோலில் சொருகி, இரண்டு 1176களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் கசக்கிப் பிழிந்து எடுத்த சத்தம் அது. சமன் செய்யச் செய்த கருவியை வைத்து சத்தத்தைக் கிழிக்கவும் முடியும் என்று 1971லேயே தெரிந்துபோனது.

1970களில் காலால் மிதிக்கும் கம்ப்ரசர்கள் கடைக்கு வந்தன. எம்எக்ஸ்ஆர் கம்பெனியின் டைனா காம்ப், டான் ஆம்ஸ்ட்ராங்கின் ஆரஞ்ச் ஸ்க்வீசர், 1978ல் ஜப்பானின் பாஸ் கம்பெனி கொண்டுவந்த சிஎஸ்-1. இவை 1176ன் நகல் அல்ல. டைனா காம்ப்பில் இருந்தது வேறு வகைச் சிப், திருகு இரண்டே இரண்டு. விலையும் அளவும் மேடைக்குத் தோதாக இருந்தன. வேலை மட்டும் அதே வேலை: மீறினால் அமுக்கு, தணிந்தால் விடு.

கிதார்காரர்களுக்கு இதில் ஒரு உபரி லாபமும் இருந்தது. கிதார் கம்பியைத் தட்டினால் சத்தம் ஒரு உச்சத்துக்குப் போய் உடனே தேய ஆரம்பிக்கும். வயலின் மாதிரி இழுத்துக்கொண்டே இருக்க முடியாது. கம்ப்ரசர் அந்த ஆரம்ப உச்சத்தை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்கிக்கொடுத்தால், தேயும் பகுதி மேலே வரும். ஒரு நோட்டு நீண்ட நேரம் நிற்பது போலக் காதுக்குப் படும். பல கம்பெனிகள் இந்தப் பெடலுக்கு 'சஸ்டெய்னர்' என்று பெயர் வைத்ததும் இதனால்தான்.

இதுக்கு ஒரு விலையும் உண்டு. மொத்தத்தையும் தூக்கும்போது இரைச்சலும் சேர்ந்தே மேலே வரும். டியூப்லைட், சீரியல் செட், ஜெனரேட்டர் என்று எல்லாம் ஒரே லைனில் ஓடும் திருவிழா மேடையில் அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்கும். அதிகமாக அமுக்கினால் வாசிப்பின் ஏற்ற இறக்கமே செத்துப்போகும். மெதுவாக வருட வேண்டிய இடமும் ஓங்கி அடிக்க வேண்டிய இடமும் ஒரே மாதிரி ஒலித்தால் அது எந்தப் பாட்டாக இருந்தாலும் சப்பென்றுதான் இருக்கும். அனுபவஸ்தர்கள் திருகைக் கொஞ்சமாகத்தான் திருப்புவார்கள். வரிசையிலும் கவனம் வேண்டும். டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னால் கம்ப்ரசரை வைப்பதுதான் பெரும்பாலானவர்கள் பழக்கம். பின்னால் வைத்தால் டிஸ்டார்ஷன் கிளப்பும் இரைச்சலையும் சேர்த்து அது தூக்கிக் கொடுத்துவிடும்.

விற்றார், மறைந்தார், மகன்கள் திரும்பி வந்தார்கள்

1980களில் புட்னம் தன் கருவி நிறுவனத்தை ஹார்மன் நிறுவனத்துக்கு விற்றார். ஸ்டூடியோக்களும் கைமாறின. டிஜிட்டல் வந்துகொண்டிருந்த நேரம். 1989 ஏப்ரல் 13ல் புட்னம் காலமானார். வயது 69.

பாட்டு கேட்பவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. சினாட்ராவைத் தெரியும், எலிங்டனைத் தெரியும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரை யாருக்குத் தெரியும்? இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய கதை இல்லை. 1970களில் சென்னையின் ஸ்டூடியோக்களில் வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்க, பாடகர் பாட, ஒருவர் தப்பு விட்டாலும் முதலிலிருந்து எடுக்க வேண்டிய நிலையில் மிக்சிங் கன்சோல் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் பெயர் பாட்டு கேட்பவர்களுக்கு ஞாபகம் இருக்கு?

புட்னம் விஷயத்தில் மகன்கள் அதை மாற்றினார்கள். பில் புட்னம் ஜூனியரும் ஜிம் புட்னமும் 1999ல் யுனிவர்சல் ஆடியோ என்ற அப்பாவின் பழைய கம்பெனிப் பெயரை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். முதலில் கையில் எடுத்தது 1176ஐத்தான். பழைய வரைபடங்களைப் பார்த்து, அதே மாதிரி திரும்பச் செய்தார்கள். அவர் மறைந்து 11 வருஷம் கழித்து, 2000ல், தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது புட்னத்துக்கு வழங்கப்பட்டது.

பிறகு கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேராக 1176 வந்தது. சின்ன அறையில் லேப்டாப் வைத்துக் குறும்படத்துக்கு இசை போடுபவர்கூட அதைப் பயன்படுத்தலாம் என்றானது. பிரிட்டனின் ஆரிஜின் எஃபெக்ட்ஸ் என்ற கம்பெனி 1176ஐ அடிப்படையாக வைத்து காலி76 என்ற பெடலைக் கொண்டுவந்தது. கடைசியில் மகன்களின் யுனிவர்சல் ஆடியோவே 1176ஐக் காலால் மிதிக்கும் பெடலாக விற்க ஆரம்பித்தது. அலமாரியில் இருந்த பெட்டி தன் சொந்தப் பெயரோடேயே தரைக்கு இறங்கிவிட்டது.

1176ஐப் புதிதாகத் தொடுபவர்கள் ஒரு இடத்தில் கட்டாயம் குழம்புவார்கள். வேகத்துக்கான இரண்டு திருகுகளும் அதில் தலைகீழ். மற்ற கம்ப்ரசர்களில் நம்பர் கூடக் கூட நேரம் கூடும், அதாவது மெதுவாகும். 1176ல் 1 என்றால் மெதுவு, 7 என்றால் அதிவேகம். 1967ல் அப்படித்தான் வைத்தார்கள். இன்றைக்கு கம்ப்யூட்டரில் ஓடும் 1176லும் அந்தத் திருகுகள் அப்படியேதான் இருக்கின்றன.